பக்கத்துக் கட்டில் தைரியம்

“என்னால முடியாது மிஸ்ஸி! ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். டிஸ்சார்ஜ் பண்ணி விடுங்க. கிள்ளான்ல எலும்பு வைத்தியர்கிட்ட போய்க் கட்டுப் போட்டுக்கிறேன்!”

பாலன் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. தெலுக் பங்லிமா காராங் சாலையில் அவன் ஓட்டிய லோரி கவிழ்ந்து, இடுப்பு மூட்டின் கிண்ணம் துண்டு துண்டாகியிருந்தது. காலில் கயிறு கட்டி, எடை தொங்கவிட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். ஆள் என்னவோ மலை மாதிரிதான். கத்தி என்றதும் குலை நடுங்கிவிட்டது.

நர்ஸ் மார்க்கிரட் அலுத்துப்போய் நகர்ந்தாள். பக்கத்துக் கட்டிலில் பீர் முகம்மது மெல்லக் கனைத்தார். பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். அவர் காலிலும் அதே கயிறு, அதே எடை.

“என்ன தம்பி, பயமா?”

“உசிரே போகுது பாய். இந்த ஆபரேஷனே இங்க இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்களாம். கிண்ணத்துக்குப் பின்னாலயே கால் நரம்பு போகுதாம். அதுல பட்டுட்டா பாதம் தொங்கிடுமாம். டாக்டரே சொல்றாரு! அப்புறம் எப்படி கிளட்ச் மிதிப்பேன்? வீட்ல வள்ளியம்மாவுக்கு இது எட்டாம் மாசம்.”

“டாக்டருங்க எல்லாத்தையும் சொல்லித்தான் ஆகணும்லா. எனக்கும் இதே கிண்ணம்தான், இதே டாக்டர்தான். இந்தா பாரு.” போர்வைக்கு வெளியே கால் விரல்களை ஆட்டிக் காட்டினார்.

பாலன் கண் கொட்டாமல் பார்த்தான். “வலிச்சுச்சா?”

“மயக்க ஊசி போட்டா என்ன தெரியும்? தூங்கி எந்திரிச்சா முடிஞ்சிருக்கும்.”

“அப்புறம் ஏன் இன்னும் எடை தொங்குது?”

“அது… கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் வைப்பாங்க.”

“தையல் எங்க பாய்?”

“பின்பக்கம்டா! அவுத்துக் காட்டவா? எதிர்க் கட்டில் அங்கிள் மெரண்டுடுவாரு.”

பாலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இடுப்பு சுள்ளென்று வலித்தது. “நரம்புக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“கட்டுப் போட்டு எலும்பு கோணலாச் சேர்ந்துச்சுன்னா ஆயுசுக்கும் நொண்டணும். புள்ளையத் தூக்கிட்டு நடக்க வேணாமா? அல்லா இருக்கான், போய்ட்டு வா.”

பாலன் கையெழுத்துப் போட்டான். தள்ளுவண்டியில் போகும்போதும் பாயையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பீர் முகம்மது அவன் மறையும்வரை கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கதவு மூடியதும் அவர் முகம் வெளுத்துப்போனது. “மிஸ்ஸி, அந்தத் தம்பிக்குக் கால் அசையுதான்னு மொதல்ல என்கிட்ட வந்து சொல்லுங்க, ப்ளீஸ்லா.”

“சொல்றேன் பாய்,” என்றாள் மார்க்கிரட். “ஆனா வெறும் வயித்துல இருக்கச் சொன்னா, இன்னைக்கு மாதிரி நாளைக்கும் திருட்டுத்தனமா டீ குடிச்சு வைக்காதீங்க. உங்க ஆபரேஷனை இன்னும் எத்தனை தடவைதான் தள்ளிப் போடுறது?”