கடைசி முள்

முள்ளம்பன்றியின் வளைக்கு யாரும் வருவதில்லை. குத்திவிடும் என்று பயம். அதனால் அது முயல் குட்டிகளுக்கு ஒரு புதையல் வேட்டை வைத்தது. தன் உடம்பிலிருந்து உதிர்ந்த முட்களைக் காட்டில் அங்கங்கே நட்டது. முள் சாய்ந்திருக்கும் பக்கம் போனால் அடுத்த முள் கிடைக்கும். கடைசி முள் அதன் வளையைக் காட்டும்.

வள்ளிக்கிழங்கைக் கழுவி வைத்தது. குட்டிகள் எல்லாம் நெருக்கியடிக்காமல் நுழையட்டும் என்று வாசலையும் தோண்டி அகலமாக்கியது.

கடைசி முள்ளைக் கவனிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது? முதுகில் இருப்பதிலேயே நீளமான, பளபளப்பான முள்ளைப் பாறையிடுக்கில் மாட்டிப் பிடுங்கியது. உயிர் போகிற வலி. அதை வளைக்கு எதிரே இருந்த புளியமரத்தடியில், வாசல் பக்கம் சாய்த்து நட்டுவிட்டு உள்ளே போய்க் காத்திருந்தது.

புளியமரத்தடியில் கூச்சல் கேட்டது.

"அடேயப்பா, எவ்வளவு அழகு! புதையல் கிடைச்சாச்சு!"

காலடிச் சத்தம் தூரப் போனது. கூப்பிடலாமா என்று எழுந்த முள்ளம்பன்றி, தன் குரலுக்கே குட்டிகள் பயந்து ஓடிவிடுமோ என்று உட்கார்ந்துவிட்டது.

சாயங்காலம் தாய் முயல் வந்து எட்ட நின்றது.

"அக்கா, பிள்ளைங்க அந்த முள்ளைக் கீழேயே வைக்க மாட்டேங்குதுங்க. உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு."

"உள்ளே வாயேன். கிழங்கு இருக்கு."

"இன்னொரு நாள் வரேன்க்கா."

முயல் போனதும், முள்ளம்பன்றி மண்ணைத் தள்ளி வாசலை அடைக்கத் தொடங்கியது. ஒரு குட்டி நுழையும் அளவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டது.