எழுப்ப வந்தவள்

கேட்ட கனவைத் தரும் தலையணை வந்த பிறகு, குழந்தைகள் சாயங்காலம் ஏழு மணிக்கே படுக்கைக்கு ஓடினார்கள். காலையில் அவர்களை எழுப்பத்தான் ஆள் தேவைப்பட்டது. அமலி இரண்டு வருடமாக அந்த வேலை பார்க்கிறாள். வீடு வீடாகப் போவாள். குழந்தைகள் அவளை உதைப்பார்கள், கடிப்பார்கள், அவள் முகத்தைப் பார்த்ததுமே அழுவார்கள்.

அன்று பதினோராவது வீட்டில் நான்கு வயது ஓவியாவை எழுப்ப உட்கார்ந்தவள், அசதியில் அப்படியே கட்டிலில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அவளுடைய குறட்டையில் ஓவியா கண் விழித்தாள். சற்று நேரம் அமலியையே பார்த்தாள். பிறகு தன் தலையணையை எடுத்து, அவள் தலைக்கடியில் மெல்லச் செருகினாள்.

அறைக்குள் வந்த ஓவியாவின் அம்மா, "ஏய் அமலி, மணி என்ன ஆச்சு?" என்றாள்.

"கத்தாதம்மா," என்றாள் ஓவியா. "அக்கா இப்பத்தான் சிரிக்கிறாங்க."