பதாகைக்குக் கீழே ஒரு நுணுக்குக்காட்டி

கல்வி நிதியத்தின் பதாகையை அவிழ்த்தால் ஸ்கந்தபுரம் முழுவதற்கும் கூரை போட்டுவிடலாம். அதன் கீழே, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நிதியம் தந்த முதலாவது நுணுக்குக்காட்டி யன்னல் வெயிலில் மினுங்குகிறது. அதைச் சுற்றி ஒன்பது பொன்னாடைகள், ஒன்பதாயிரம் கைதட்டல்கள். வெங்காயத்தின் கலங்கள் செங்கல் அடுக்கியதுபோல் இருக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்த தேனுகா, உரித்த மெல்லிய தோலொன்றைக் கண்ணாடித் துண்டில் விரித்து மூச்சு விடாமல் நிற்கிறாள். "கண்ணை வையும் பிள்ளை" என்கிறார் நிதியத் தலைவர். குனிகிறாள். கமெரா மின்னுகிறது. "சேர், ஒண்டும் தெரியேல்லை. வில்லைக்கு மூடி போட்டிருக்கு." "தெரியத் தேவையில்லையம்மா, கொஞ்சம் சிரியும்" என்கிறார் படம் எடுப்பவர். சபை விழுந்து விழுந்து சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் அதிபர் ஐயாத்துரை கருவியைக் கைக்குழந்தைபோல் ஏந்திப்போய்க் கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கிறார். பக்கத்தில், போன வருஷம் அதே நிதியம் தந்த ஓகன் வாத்தியம் பொலித்தீன் உறை பிரிக்காமல் கிடக்கிறது. "சேர், ஒருக்காப் பாத்திட்டுத் தாறனே?" "கீறல் விழுந்தால் வாற வருஷம் ஒண்டும் தராயினம், பிள்ளை. புதுசாவே இருக்கோ எண்டு வந்து பாப்பினம்." பூட்டு சொடுக்கென்று விழுகிறது. எல்லோரும் வடைக்கும் பிளேன்ரீக்கும் ஓடுகிறார்கள். அலுமாரிக் கண்ணாடியில் நெற்றியை முட்டி நிற்கிறாள் தேனுகா. அவள் கையிலுள்ள கண்ணாடித் துண்டில் வெங்காயத் தோலின் ஆயிரமாயிரம் கலங்கள், ஒருவரும் பார்க்காமலே, காய்ந்து சுருள்கின்றன.