இரண்டெழுத்துக் கதவு

"பத்துக்கு மூணு. அதுவே என் பெருந்தன்மை!"

நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறித்தான் கத்திரி. பத்திரிகையில் கணினி விளையாட்டுகளுக்கு விமர்சனம் எழுதுபவன். எது கையில் கிடைத்தாலும் நறுக்கித் தள்ளுவதால் அலுவலகம் வைத்த பெயர் அது. அவனுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

எதிர் மேஜையில் பிழை திருத்தும் அக்கா சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணா? பாவம் தம்பி. யாரோ ஒத்தை ஆளா உட்கார்ந்து செஞ்சிருக்காங்க, பேரைக்கூடப் போட்டுக்கல. நீ மூணு போட்டா ஒருத்தரும் சீண்ட மாட்டாங்க. அத்தோட இந்தத் தொழிலே வேண்டாம்னு போயிடுவாங்க."

"போகட்டுமே, நமக்கென்ன? ரெண்டு கரடி, ஒரு கலங்கரை விளக்கம். வீட்டை விட்டுப் போன பெரிய கரடி பல வருஷம் கழிச்சுத் திரும்பி வருது. சின்னக் கரடி உச்சி அறையில கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கு. நாம அங்கங்க கிளிக் பண்ணி, புதிரை விடுவிச்சு மேல ஏறணும். கூடவே சோகமா ஒரு பியானோ. கண்ணைக் கசக்க வச்சா கைதட்டல் கிடைக்கும்னு எவனோ சொல்லிக் கொடுத்திருக்கான்."

"எனக்கு நிஜமாவே அழுகை வந்துச்சு."

"உங்களுக்கு விளம்பரம் பார்த்தாலே வரும்."

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கம் ஐந்து மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும். இப்போது நாலே கால். அதற்குள் மூன்றை ஏழாக்கிவிட அவர் கங்கணம் கட்டிக்கொண்டிருப்பது கத்திரிக்குப் புரிந்தது. நடக்காது என்பதும் அவனுக்குத் தெரியும்.

"அழுகையை விடுங்க. புதிராவது கஷ்டமா இருக்கா? நாற்பது நிமிஷத்துல முடிச்சிட்டேன்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "முடிச்சியா? நான் நாலு நாளா மல்லுக்கட்டுறேனே! அந்த இழுப்பறையைத் திறக்கவே எனக்கு ஒரு நாள் ஆச்சு."

"கொஞ்சம் மேல தூக்கி இழுக்கணும்க்கா."

"படியில ஏறினா சத்தம் கேட்டு விளக்கு அணைஞ்சுடுது."

"மூணாவது படி கிரீச்சுனு கத்தும். அதை மிதிக்காம தாண்டணும்."

"அந்தத் தண்ணிக் குழாய்?"

"எதிர்ப்பக்கமாத் திருகணும். இதெல்லாம் ஒரு புதிரா?"

"எங்கேயும் ஒரு குறிப்புகூட இல்லையே. உனக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?"

கத்திரி ஒரு விரலால் நெற்றியைத் தட்டிக் காட்டினான். "மூளைக்கா, மூளை!"

"அப்ப அந்தக் கடைசிக் கதவு? சின்னக் கரடி உள்ளேயிருந்து 'எது இருந்தா இது திறக்கும்?'னு கேட்குது. ரெண்டே எழுத்து. 'சாவி'ன்னு அடிச்சா திறக்கல. ஊரே சாவின்னு அடிச்சுட்டு, விளையாட்டுல கோளாறுன்னு திட்டிக்கிட்டு இருக்கு."

"'வாசி'ன்னு அடிங்க. திறக்கும்."

"உள்ளே என்ன இருக்கு?"

"சின்னக் கரடிதான். கையில ஒரு பொம்மைப் படகு. 'நான் செஞ்சது நல்லா இருக்கா?'ன்னு கேட்குது. பதில் எழுத ஒரு கட்டம் வருது. எனக்கு எழுத ஒண்ணும் தோணல. அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

"அது போகட்டும். வாசின்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அறை வாசல் பூராப் புத்தகம். படிச்சாத்தான் கதவு திறக்குமாம். கருத்து சொல்றாங்களாம்!"

அக்கா தன் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினார். பிழை பார்த்தே பழகிய கண் அது, லேசில் ஏமாறாது. "எங்க தம்பி புத்தகம்? ஒண்ணே ஒண்ணு காட்டு."

கத்திரி எழுந்து வந்து குனிந்து பார்த்தான். பேருக்குக்கூட ஒரு புத்தகம் இல்லை. சுவரில் ஒரு ஆணி. அதில் ஒரு சாவி. ஆணிக்குக் கீழே, எட்டாத உயரத்தை எட்டுவதற்காக யாரோ போட்டு வைத்த ஒரு முக்காலி. அவ்வளவுதான்.

"பார்த்த மாதிரி இருந்துச்சு," என்றான். முதல் தடவையாக அவன் குரல் இறங்கியிருந்தது.

அக்கா அந்த விளையாட்டின் பக்கத்தைத் திறந்து, கீழே இருந்த வரியை வாய்விட்டுப் படித்தார். "இதுவரை விளையாடியவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. கடைசிக் கதவைத் திறந்தவர் ஒருவர்."

கத்திரி தன் இடத்துக்குப் போனான். எழுதி வைத்திருந்த விமர்சனத்தைத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை அழித்தான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"என்ன தம்பி, மூணு ஏழாயிடுச்சா?"

"இதுக்கு நான் மார்க் போடக் கூடாதுக்கா. நீங்களே எழுதுங்க."

"ஏன்?"

அவன் விளையாட்டை மறுபடி திறந்தான். சின்னக் கரடி விட்ட இடத்திலேயே அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது. காலிக் கட்டம் விட்டு விட்டு மின்னியது. கண் கலங்கியதை அவன் மறைக்கவில்லை.

"அது கலங்கரை விளக்கம் இல்லக்கா, எங்க வீடு. என் தங்கச்சிக்கு அஞ்சு வயசு வரைக்கும் சாவின்னு சொல்ல வராது, வாசின்னுதான் சொல்லுவா," என்றான் கத்திரி. "ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவ செஞ்ச முதல் விளையாட்டுக்கு, பத்துக்கு ஒண்ணு போட்டவன் நான்தான்."