சத்தம் போடாத டில்லர்

மாசிலாமணியின் தோட்டத்துப் பெட்ரோல் டில்லருக்குத் தன் குரலில் ஏகப்பட்ட பெருமை. புதிதாக வந்த கரன்ட் டில்லரைப் பார்த்து, "வயரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிற நீ என்னத்தை உழுவ?" என்று சிரித்தது.

கத்தரிப் பாத்தியோரம் அடைகாத்த காடை கொட்டகைக்கு ஓடி வந்தது. "அண்ணே, நேத்து உங்க சத்தத்துல பயந்து எழுந்துட்டேன். முட்டையெல்லாம் ஆறிப் போச்சுன்னா என்ன பண்ணுவேன்?"



அன்று கரன்ட் டில்லர்தான் போனது. வண்டு மாதிரி முனகியபடி கூட்டை ஒட்டியே மண்ணைப் புரட்டியது. காடை அசையவில்லை.

"அடேயப்பா! என்ன பக்குவம்டா உனக்கு!" என்று வாய்விட்டுச் சொன்னது பெட்ரோல் டில்லர்.

"பக்கத்துக் கல்லாங்காட்டுக்கு என் வயரும் எட்டாது, பலமும் பத்தாதுண்ணே. அதுக்கு நீங்கதான் வேணும்."

மறுநாள் மாசிலாமணி கல்லாங்காட்டை உழ, பெட்ரோல் டில்லரின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். அது இருமக்கூட இல்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே.

காடை தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வேலியைத் தாண்டிய காலையில், ஒரே இழுப்பில் ஊரே கேட்க உறுமியது பெட்ரோல் டில்லர்.