வியாகுல மாதாவிடம் ஒரு மனு

“இன்னும் எத்தனை நாளைக்குத்தான் இப்படி?” என்று அந்தப் பெண் மாதாவிடம் கேட்டது கோயில்பிள்ளையின் காதில் தெளிவாக விழுந்தது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயிலைப் பெருக்குவதும் பூட்டித் திறப்பதும் அவர் பொறுப்பு. மதியம் கதவு சாத்தும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. இவள் எழுந்தால்தானே சாத்த முடியும்?

காலையிலிருந்தே அவருக்குத் தலைவலி. நடுப்பீடத்தில் குழந்தையை ஏந்தி முடிசூடி நிற்கும் மாதாவின் முன்னால் கூட்டம் குறையவே இல்லை. ஒருவர் புதுவீட்டு வரைபடத்தை மாதாவின் காலடியில் விரித்து, நாலு மூலையிலும் மெழுகுவர்த்தியை நட்டுவிட்டுப் போய்விட்டார். கோயில் தீப்பிடிக்காமல் தப்பியதே பெரிய விஷயம். ஒரு கல்லூரிப் பெண் பரீட்சை நுழைவுச்சீட்டை மாதாவின் கையில் செருகப் போய் ஒரு விரலைப் பெயர்த்துவிட்டாள்.

இன்னொரு அம்மாள் நேராக அவரிடமே சண்டைக்கு வந்தாள். மாதக்கணக்கில் கேட்டும் மருமகனுக்கு வேலை கிடைக்கவில்லையாம். ஏதோ கோயில்பிள்ளைதான் அவள் மனுவை மேலே அனுப்பாமல் அமுக்கி வைத்திருப்பதைப்போல் பேசிவிட்டுப் போனாள்.

இத்தனை பேர் நச்சரித்தால் மாதாவுக்குக் காது வலிக்காதா என்று அவர் நினைத்துக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, அவரும் கேட்டவர்தான். அவர் மனைவி மாடிப்படியில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்து கிடக்கிறாள். சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும் என்று, காலை மணியடித்த கையோடு போகும் முதல் மனு அவருடையதுதான். இப்போதும் அவள் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் அவர் வரவை எதிர்பார்த்துக் கட்டிலில் கிடப்பாள். சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

போன மாதம் இப்படித்தான் யாருக்கோ இரக்கப்பட்டுக் கதவைத் திறந்துவைத்தார். வெள்ளி விளக்கு ஒன்று காணாமல் போனது. பங்குச்சாமியார் சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பெண் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். கொஞ்ச நாளாக, மதிய இடைவேளையில் நீலச் சீருடையோடு அப்படியே வந்துவிடுகிறாள். கூட்டமெல்லாம் நடுப்பீடத்தில் மொய்க்க, இவள் மட்டும் ஓரத்து அரையிருட்டில் இருக்கும் வியாகுல மாதாவிடம் போவாள். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாதா. அங்கே மெழுகுவர்த்தித் தட்டு எப்போதும் காலிதான்.

இவளும் ஏற்றுவதில்லை. முழங்கால் போடுவதில்லை, கைகூப்புவதும் இல்லை. பீடத்துப் படியில் மாதாவை ஒட்டினாற்போல் உட்கார்ந்து ஏதோ முணுமுணுப்பாள். அப்புறம் பேச்சே இருக்காது. இது என்ன பழக்கம், மாதாவுக்குச் சரிசமமாகவா உட்காருவது என்று அவருக்கு ஆற்றாமையாக இருக்கும். ஒரே நாளில் சொல்லித் தீராத அளவுக்கு அப்படி என்னதான் கேட்கிறாள்?

சாவிக்கொத்தை வேண்டுமென்றே குலுக்கினார். இருமினார். ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாக அறைந்து சாத்தினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பொறுமை போயே போய்விட்டது.

“அம்மா, எனக்கும் வீடுவாசல் இருக்கு. கேக்க வேண்டியதை ஒரே மூச்சுல கேட்டுட்டுக் கிளம்புங்க.”

அவள் திடுக்கிட்டு, நேரம் போனதே தெரியவில்லை என்று மன்னிப்புக் கேட்டபடி எழுந்தாள். பதிலுக்கு இரண்டு வார்த்தை ஏசியிருந்தாலாவது அவருக்கு மனம் ஆறியிருக்கும். இப்போது எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

அப்படி என்னதான் குறை என்று கேட்டே விட்டார். வேலையில் தகராறா, வீட்டுக்காரர் குடிக்கிறாரா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று அடுக்கிக்கொண்டே போனார். எதுவானாலும் நடுப்பீடத்து மாதாவிடம் போகலாமே, அங்கேதான் கேட்டது கிடைக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள், இந்த மூலையில் உட்கார்ந்து தன் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம் என்றார்.

“வேலைக்கு ஒண்ணும் இல்லண்ணே. வீட்டுக்காரரும் நல்லவர்தான்.” அவள் சீருடையின் கசங்கலை நீவிவிட்டுக்கொண்டாள். “ஒரே பையன். சைக்கிள்ல போனவன் லாரியில அடிபட்டுட்டான். ஆஸ்பத்திரி வாசல்ல என் மடியிலதான் உயிர் போச்சு.”

கோயில்பிள்ளை சாவிக்கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பேசியதையெல்லாம் திரும்ப அள்ளி வாயில் போட்டுக்கொள்ள வழியில்லை. இவ்வளவு நாளும் இவள் முதுகைப் பார்த்தல்லவா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம் என்று குறுகிப்போனார்.

சட்டைப்பையில் மறுபடி கைப்பேசி அதிர்ந்தது. அதை எடுக்காமல் குரலைத் தணித்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார். மனம்விட்டுக் கேட்டால் மாதா கட்டாயம் ஆறுதல் தருவாள் என்றார்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள். சிலையின் பக்கம் திரும்பி, மகனின் தலையைத் தாங்கியிருந்த மாதாவின் கைமேல் தன் கையை வைத்தாள்.

“நான் ஒண்ணும் கேக்க வரலண்ணே. துக்கம் விசாரிக்க வந்தேன்.”