ரெண்டு கிலோ குறையுது

பல் டாக்டரோட தலை எங்க காருக்குள்ள இருந்துச்சு. கையில ஸ்பேனர் வேற!

ரேஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம். தண்ணி கேனைத் தூக்கிட்டு வந்த நான், அப்படியே டயர் அடுக்குக்குப் பின்னாடி பதுங்கிட்டேன்.

டாக்டர் நிமிர்ந்தாரு. அக்கம்பக்கம் பார்த்தாரு. ஸ்பேனரைத் துண்டுல சுருட்டிக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி அவரோட ஷெட்டைப் பார்த்து நடையைக் கட்டிட்டாரு.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். டிரைவருக்குப் பக்கத்துல, ரேஸுக்காக முன்னாடியே சீட்டைக் கழட்டின இடத்துல ரெண்டு இரும்புத் தகடு. தரையோட சேர்த்து போல்ட்டு போட்டு முடுக்கியிருந்துச்சு. ஒவ்வொண்ணும் நாலு கிலோவாவது தேறும்.

“அக்கா! சீக்கிரம் வா!”

அக்கா பார்த்துட்டு வாயைப் பொத்திக்கிட்டா. “என்னடா இது?”

“வெயிட்டுக்கா! மாமா தோக்கணும்னு அந்தப் பல்லுபிடுங்கி ஏத்தி வச்சிட்டுப் போறான்.”

இது பெரிய பணக்காரங்க ரேஸ் இல்ல. வாரம் பூரா வேலைக்குப் போறவங்க ஞாயித்துக்கிழமை ஓட்டுறது. எல்லாருக்கும் ஒரே மாடல் பழைய கார், ஒரே டயர், சீல் வச்ச ஒரே இன்ஜின். இதுல எட்டு கிலோ கூட ஏத்தினா வளைவுக்கு வளைவு கார் மூச்சு வாங்கும்!

மாமா ஸ்கூல் வேன் டிரைவர். வாரத்துல ஆறு நாளும் முள்ளு முப்பதைத் தாண்டாது. ஞாயித்துக்கிழமை ஆளே வேற! ஆறு வருஷமா ஓட்டுறாரு, ஒரு கப்பு கூட வீட்டுக்கு வந்ததில்ல. இந்தத் தடவை டாக்டரை விட ஒரே ஒரு பாயிண்ட்தான் கம்மி. இன்னிக்குக் கடைசி ரேஸ். ஜெயிச்சா கப்பு மாமாவுக்கு, விட்டா டாக்டருக்கு.

“அவர்கிட்ட சொல்லிடலாமாடா?”

“சும்மா இருக்கா. ஓட்டப் போற நேரத்துல டென்ஷன் ஆயிடுவாரு.”

கழட்டினேன். தார்பாய்க்கு அடியில தள்ளினேன்.

மாமா ஹெல்மெட்டோட வந்தாரு. “என்ன, அக்காவும் தம்பியும் திருட்டு முழி முழிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லீங்க. நீங்க நல்லபடியா ஓட்டிட்டு வாங்க.”

பன்னிரண்டு ரவுண்டு. பதினொண்ணு வரைக்கும் டாக்டர் முன்னாடி, மாமா அவர் முதுகோட ஒட்டிக்கிட்டு. கடைசி வளைவுல மாமா உள்பக்கமா நுழைஞ்சாரு பாருங்க... அரை கார் நீளத்துல ஜெயிச்சிட்டாரு! நான் கத்தின கத்துல தொண்டை போச்சு.

டாக்டர் நேரா வந்து மாமா கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு.

“என்னா நடிப்பு!”ன்னு அக்கா காதுல சொன்னேன்.

அடுத்தது எடை. பெட்ரோலை வடிச்சிட்டு, காரையும் டிரைவரையும் சேர்த்து மெஷின்ல ஏத்துவாங்க. ரெண்டும் சேர்ந்து ஆயிரம் கிலோவுக்குக் குறையக் கூடாது. எப்பவும் ‘பாஸ்’னு கத்துற மெஷின்காரர் இன்னிக்குக் கத்தல.

“தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு. ரெண்டு கிலோ குறையுது. ரிசல்ட் செல்லாது.”

மாமா ஸ்டியரிங்கைப் பிடிச்ச கையை எடுக்கவே இல்ல.

எனக்கு வந்துச்சே கோபம்! டாக்டர் சட்டையைப் பிடிச்சிட்டேன். “இந்த ஆளு காலைல எங்க காருக்குள்ள பூந்தாரு! எதையோ கழட்டியிருக்காரு!”

ரேஸ் நடத்துறவங்க கார் பாகங்களோட லிஸ்ட்டை வச்சு ஒண்ணொண்ணா பார்த்தாங்க. கதவு, பம்பர், கண்ணாடி... எல்லாம் அப்படியே இருந்துச்சு.

டாக்டர் குனிஞ்சு காருக்குள்ள பார்த்தாரு. “தம்பி, தகடு எங்க?”

“கழட்டிட்டேன்யா! நீ வச்சா நாங்க சுமக்கணுமா?”

டாக்டர் நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. “அது இருந்திருந்தா ஆறு கிலோ கூட நின்னிருக்குமேப்பா.”

எனக்குக் கை தானா இறங்கிடுச்சு. “எங்க எடை குறையும்னு... உங்களுக்கு எப்படித் தெரியும்?”

என்னை ஓரமா தள்ளிட்டுப் போனாரு. குரலை இறக்கினாரு.

“ஒவ்வொரு ரேஸுக்கும் போர்டுல எடைச்சீட்டு ஒட்டுறாங்களே, நீ படிச்சதே இல்லையா? முதல்ல உங்களுக்கு ஏழு கிலோ கூட. அப்புறம் நாலு. போன மாசம் ஒண்ணே ஒண்ணு. நீங்கதான் கொஞ்சம் கொஞ்சமா கழட்டித் தில்லுமுல்லு பண்றீங்கன்னு நினைச்சேன். கண்டுபிடிச்சு மாட்டிவிடத்தான் காலைல உங்க காரைச் சுத்திச் சுத்தி வந்தேன். ஒரு போல்ட்டு குறையல.”

“அப்ப என்னதான் குறைஞ்சுது?”

டாக்டர் திரும்பி மாமாவைப் பார்த்தாரு. நானும் பார்த்தேன்.

மாமா இன்னும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாரு. ஹெல்மெட்டைக் கழட்டியிருந்தாரு. சட்டைக் காலர் கழுத்துல எந்தப் பக்கமும் ஒட்டாம தொங்கிட்டிருந்துச்சு.

“போட்டிக்காரன் நான் வந்து சொன்னா, பயமுறுத்துறேன்னுதானே நினைச்சிருப்பீங்க? அவர் ஜெயிச்சா அது எடையில போயிடக் கூடாதுன்னுதான் தகடு வச்சேன், கப்பைக் கையில வாங்கின அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு என் ஃபிரெண்ட் ஒரு பெரிய டாக்டர்கிட்ட அவர் பேரைச் சொல்லி வச்சிருக்கேன், கூட்டிட்டு வந்துடு தம்பி.”